ஞாயிற்றுக்கிழமை ரிஜெக்ட்

செனாய் பக்கம் பிளாஸ்டிக் மூடி செய்யும் தொழிற்சாலையில் எனக்குத் தரக்கட்டுப்பாட்டு வேலை. எது எதனால் கூடுகிறது என்று காட்டும் ரிக்ரஷன் கணக்கை எக்செலுக்குள்ளேயே ஓட்டத் தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான். கழித்துப் போடும் மூடிகள், அதாவது ரிஜெக்ட், ஏன் கூடுகிறது, இயந்திரமா, ஈரப்பதமா, ஆளா என்று கேட்டால் உட்கார்ந்த இடத்திலேயே பதில் சொல்வேன். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. அந்த மிதப்பு எனக்கு நிறையவே இருந்தது.

அன்று காலை பதில் பளிச்சென்று வந்தது: ஆள். அதுவும் கூலாயிலிருந்து என்னுடன் ஒரே வேனில் வரும், மூடி இயந்திரத்தில் நிற்கும் அக்கா. மேனேஜருக்கு அறிக்கையை அனுப்பிவிட்டு மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிடப் போனேன். கஷ்டமாகத்தான் இருந்தது. கணக்கு பொய் சொல்லாது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது அக்கா மேனேஜர் அறைக்குள் போய்க்கொண்டிருந்தார். "இன்னிக்கே வேலைய விட்டு நிப்பாட்டப் போறாங்களாம்" என்றார் சூப்பர்வைசர். மனம் கேட்காமல் எக்செல் பட்டியலை மறுபடி திறந்தேன். அக்காவின் பெயருக்கு நேரே, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பெட்டி பெட்டியாக ரிஜெக்ட். முந்தைய ஞாயிறும் அப்படியே. அக்கா ஞாயிறுகளில் சர்ச்சுக்குப் போகிறவர், வேலைக்கு வந்ததே இல்லை. அந்த நாட்களுக்கெல்லாம் அவர் பெயருக்கு நேரே நான்தான் சுழி, பூஜ்யம், போட்டிருந்தேன்.

அப்போதுதான் புரிந்தது. ரிஜெக்ட் எண்களைப் பெரியதிலிருந்து சிறியது வரை அடுக்கியபோது, அந்த ஒரு நெடுவரிசையை மட்டும் அடுக்கியிருக்கிறேன். மற்றவற்றையும் சேர்த்து நகர்த்தவா என்று திரை கேட்டிருக்கும், படிக்காமலே தட்டியிருப்பேன். பெயர்கள் நின்ற இடத்திலேயே நிற்க, எண்கள் மட்டும் இடம் மாறிவிட்டன. பெயர் வரிசையில் முதலில் இருந்த அக்காவின் தலையில் எல்லாருடைய ரிஜெக்டும் விழுந்திருந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

சொன்னால் என் வேலை போகும் என்று பயம். சொல்லாவிட்டால் நாளைக் காலை வேனில் அக்காவின் இடம் காலியாக இருக்குமே என்று அதைவிடப் பயம். எழுந்துபோய், கதவைத் தட்டாமலே நுழைந்து, என் தப்பு, கணக்கே தப்பு என்று மலாயில் உளறினேன்.  மேனேஜர் மேசைமேல் கிடந்த வேலைநீக்கக் கடிதத்தைக் கிழித்தார். அதில் அக்கா ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார்.

வெளியே வந்ததும், "ஏன்க்கா கையெழுத்து போட்டீங்க? நீங்க ஒண்ணுமே பண்ணலயே" என்றேன். 

"கம்ப்யூட்டரே சொல்லுதுன்னு பாஸ் காட்டுனாரு தம்பி. நானும் உக்காந்து யோசிச்சேன். எங்கெங்க தப்பு பண்ணேன்னு ஒண்ணொண்ணா ஞாபகம் வந்துச்சு லா."