அறிவிப்பு முனுசாமியின் டிவி சிலேட்டு

போன மாசம் ஒரு காலையில் பூந்தமல்லிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் ஏணிமேல் நின்று ஹாரன் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தேன். கீழே முனுசாமி அண்ணாத்தேயின் மருமகப்பிள்ளை சைக்கிளைப் பிடித்தபடி வந்து நின்றார்.

"கொஞ்சம் இறங்கி வாங்க மாமா."

"கட்டி முடிச்சிட்டு வரேன், நீ சொல்லு."

"இல்ல, இறங்கி வாங்க."

இரண்டாம் தரம் அப்படிச் சொன்னபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஏணியில் நிற்கிறவனிடம் சொல்லக்கூடாத சேதி ஒன்றுதானே உண்டு.

மத்தியானம் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு ஊருக்குச் சேதி சொல்லப் புறப்பட்டோம். குரல் இருந்த வரைக்கும் பருத்திப்பட்டில் யார் செத்தாலும் அறிவிக்கிறவர் அவர்தான். அவர் போனதை அறிவிக்க என் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். "பருத்திப்பட்டைச் சேர்ந்த" என்று ஆரம்பித்தேன். அதுக்குமேல் வரவில்லை. ஏரிக்கரை வரைக்கும் அந்த இரண்டு வார்த்தைதான். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "இன்னா அண்ணாத்தே, மைக் ரிப்பேரா?" என்றார். "மைக் நல்லாத்தான் கீது, நீ ஓட்டு" என்றேன்.

நான் மைக் செட் துரை. மூணாங்கிளாஸோடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டதா, நான் அதைக் கைவிட்டேனா என்பது இன்னும் தீராத வழக்கு. நம் ஊர் விழா மலரில் அண்ணாத்தேயைப் பற்றி எழுத வாத்தியார்கள் எத்தனையோ பேர் இருக்க, என்னைக் கேட்டதற்குக் காரணம் நான் எழுதினால் சிரிப்பாக இருக்கும் என்பதுதான். சிரிப்பாகத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அவரைப் பற்றி எதை எடுத்தாலும் ஒரு ஆயுத பூஜை சாயங்காலத்தில் கொண்டுபோய் விடுகிறது. அந்தச் சாயங்காலத்தைப் பற்றி நீங்கள் எல்லோரும் ஒரு பொய்யை நம்பிக்கொண்டிருக்கிறீர்கள்.

முதலில் அவர் குரலைச் சொல்கிறேன். உங்களில் பாதிப் பேர் சின்ன வயசில் திருவிழாவில் தொலைந்து, அவர் மேடையில் உட்கார்ந்து மிட்டாய் தின்றவர்கள். பிள்ளை காணவில்லை என்று அவர் ஒரு நாளும் சொன்னது கிடையாது. "அம்மா ஒருத்தர் தொலைஞ்சிட்டாங்க. பிள்ளை பத்திரமா இங்கதான் இருக்குது. தொலைஞ்ச அம்மா சீக்கிரம் மேடைக்கு வரவும்" என்பார். அழுதுகொண்டிருக்கிற பிள்ளை அதைக் கேட்டுச் சிரித்துவிடும். புதுசாகப் பேச வருகிற தலைவர்கள் மைக்கை வாய்க்குள் நுழைத்துக்கொண்டால், பக்கத்தில் போய் மெதுவாகச் சொல்வார்: "ஐயா, மைக் ஒரு காது. காதைக் கடிச்சா யாரு கேப்பாங்க?"

அப்படிப்பட்ட தொண்டையில்தான் நோய் வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். உயிர் நின்றது, குரல் போயிற்று. கிசுகிசுக்கக்கூட வராது. சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு, பென்சில், அழிக்கிற ரப்பர். கேட்டதற்கெல்லாம் அதில் எழுதிக் காட்டுவார். அவசரமாக எழுதினாலும் ஒற்றுப்பிழை விட்டால் அழித்துத் திருத்திவிட்டுத்தான் நீட்டுவார். அதற்குள் கேட்டவனுக்குக் கேள்வியே மறந்துபோகும்.

பிறகு வெளியே வருவதே நின்றது. ஒரு நாள் தெய்வானை அண்ணி என் கடைக்கே வந்துவிட்டார்கள். "சோறு வெச்சா சுவத்தப் பாத்துகினு கீறாரு துரை. மேடை போச்சின்னா இவரும் போயிடுவாரு. எதுனா பண்ணு" என்றார்கள். நான் என்ன பண்ணுவேன்? நான் வாடகைக்கு விடுவது மைக்கும் டிவியும் வீடியோ டெக்கும். குரல் ஸ்டாக் இல்லையே.

வழி அவர் வீட்டுப் பரண்மேல் இருந்தது. அண்ணியின் தம்பி சிங்கப்பூரிலிருந்து எப்போதோ அண்ணாத்தே மகளுக்கென்று அனுப்பிய பழைய வீட்டுக் கம்ப்யூட்டர். பார்வைக்கு டைப்ரைட்டர் மாதிரி, டிவியோடு இணைத்தால்தான் உயிர் வரும். அதனோடு ஒரு வரைபலகை. சாப்பாட்டுத் தட்டு அளவு, மையில்லாத பேனா போல ஒரு குச்சி. பலகையில் குச்சியால் இழுத்தால் டிவியில் கோடு விழும். மகள் கல்யாணமாகிப் போன பிறகு அதை யாரும் தொட்டதில்லை. தூசி தட்டி, என் கடை டிவியில் மாட்டி, அண்ணாத்தேயை இழுத்து வந்து உட்காரவைத்தேன். குச்சியை எடுத்து ஒரு 'அ' போட்டார். டிவியில் பெரிதாக 'அ' வந்தது. அந்தக் கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாது. பலகைக்கோ எந்தப் பாஷையும் தெரியாது, கோடுதான் தெரியும். அவருக்கு அது போதுமே. நோட்டில் எழுதினார்: "மூணு டிவி வை. மைதானம் பூரா தெரியும்."

அதை நாங்கள் டிவி சிலேட்டு என்றே கூப்பிட்டோம். சிலேட்டு லேசில் வசப்படவில்லை. எழுதும்போது உள்ளங்கை பலகையில் பட்டுவிட்டால் கோடு ஆட்டுக்குட்டி மாதிரி எங்கேயோ தாவும். "அண்ணாத்தே, நீ 'க' போட்டியா, மாங்கா போட்டியா?" என்று கேட்டு அடி வாங்கியிருக்கிறேன். கடைசியில் இரண்டு பக்கமும் அரைச் செங்கல் வைத்து, மேலே ஒரு மரச்சட்டத்தைப் பாலம் மாதிரி போட்டுக் கொடுத்தேன். கையை அதில் ஊன்றி, குச்சியின் முனை மட்டும் படுகிற மாதிரி ஒரு மாசம் பழகினார். அந்த ஒரு மாசமும் சோற்றைப் பார்த்துத்தான் சாப்பிட்டார், சுவரைப் பார்த்தல்ல.

விழாக் கமிட்டித் தலைவர் ஏகாம்பரம் நல்ல மனிதர்தான். ஆனால் விழா என்று வந்துவிட்டால் கடிகாரம். "வாய் இல்லாதவர அறிவிப்பாளரா வெச்சிகினு நான் ஜனங்களுக்கு இன்னா பதில் சொல்றது?" என்றார். அம்பத்தூரிலிருந்து ஒரு புது அறிவிப்பாளரைப் பேசியும் வைத்துவிட்டார். நான் கெஞ்சினேன். கடைசியில் ஒரு தவணை கொடுத்தார்: "ஆயுத பூஜை அன்னிக்கி மைதானத்துலயே காட்டு. அஞ்சு மணிக்கி நாதஸ்வரம் ஆரம்பிக்கும். அதுக்குள்ள டிவில எழுத்து வந்தா இவரு. வரலன்னா இந்த வருசம் மட்டும் இல்ல, எந்த வருசமும் கேக்காத." பிறகு என் பக்கம் விரலை நீட்டி, "சொதப்புனேன்னா உன் மைக் செட்டையும் மாத்திருவேன்" என்று சேர்த்துக்கொண்டார்.

அன்று காலையில் என் கடையில் பூஜை. ஆம்ப்ளிஃபயர், ஹாரன், டெக், டிவி, ஏணி, கட்டிங் பிளேயர், எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். எங்கள் தொழிலில் அன்றைக்குப் பொட்டு இல்லாமல் ஒரு ஸ்க்ரூ டிரைவர்கூட இருக்காது. கம்ப்யூட்டருக்கும் சிலேட்டுக்கும் வைத்தேன். மிச்சம் இருந்தது பாடப்பெட்டி என்று நாங்கள் சொல்லும் கார்ட்ரிட்ஜ். தீப்பெட்டிக் கட்டு அளவு டப்பா, வரைகிற வித்தை எல்லாம் அதற்குள். அதைக் கம்ப்யூட்டரின் முதுகில் சொருகினால்தான் எழுதும் பக்கம் டிவியில் வரும். அதன் அடிப்பக்கத்தில் பொன் நிறத்தில் வரிசையாகப் பல் மாதிரித் தகடுகள். கறுப்பு டப்பாவில் வேறு எங்கே வைத்தாலும் பொட்டு எடுப்பாக இல்லை. பல்வரிசை சாமி நகை மாதிரி மின்னிற்று. அங்கேயே நல்ல குழைவாக நாலு பொட்டு வைத்துக் கும்பிட்டேன்.

நாலு மணிக்கு மைதானத்தில் மூன்று டிவியையும் இணைத்தோம். கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. அண்ணாத்தே வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கழுத்துத் தழும்பு தெரியாமல் துண்டு. சிலேட்டின் முன் உட்கார்ந்து பாலத்தில் கையை வைத்துக்கொண்டார். ஒயரும் பாடப்பெட்டியும் என் வேலை. சொருகி, சுவிட்சைப் போட்டேன்.

மூன்று டிவியிலும் வெறும் நீலம்.

அணைத்துப் போட்டேன். நீலம். அண்ணாத்தே எழுந்து வந்து ஆன்டனா ஒயரைக் கழற்றி மாட்டினார். நீலம். சிலேட்டின் ஒயரை எடுத்து ஊதிச் சொருகினார். ஸ்டெபிலைசர் முள்ளைப் பார்த்தார், கரெண்ட் சரியாக இருந்தது. பாடப்பெட்டியைச் சுட்டி என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். "நல்லாத்தான் சொருவிக்கீறேன்" என்றேன்.

"மணி நாலரை" என்றார் தலைவர்.

மேடையில் அம்பத்தூர்க்காரர் மைக்கைத் தட்டினார். "அலோ, அலோ, மைக் டெஸ்டிங்." நல்ல குரல்தான், அதுதான் வயிற்றெரிச்சல். கூட்டத்தில் எவனோ, "இன்னா துரை, நீலப் படமா ஓட்டுற?" என்று கத்தினான். வேறொரு நாளாயிருந்தால் அவனுக்கு நாலு பதில் கொடுத்திருப்பேன். அன்றைக்குக் கம்ப்யூட்டரின் முதுகுப் பக்கம் குனிந்தேன்.

பாடப்பெட்டியை உருவிப் பார்த்தேன். பொன் பல் முழுக்கச் சந்தனம். சொருகினதில் நசுங்கி, ஒவ்வொரு பல்லுக்கும் நடுவில் அப்பிக் காய்ந்து கிடந்தது.

அந்த நிமிஷம் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. தலைவர் நீட்டின விரல்தான் கண்ணில் நின்றது. யாருக்கும் தெரியாமல் முதுகைத் திருப்பிக்கொண்டு, எச்சில் தொட்டு, கைலி முனையால் தேய்த்துவிட்டுத் திரும்பச் சொருகினேன். இப்போது நீலமும் போய்க் கோணல் கோணலாகக் கலர்ப் பட்டை ஓடிற்று. எச்சிலில் குழைந்து இன்னும் உள்ளே இறங்கிவிட்டது.

"போதும்பா. பத்து நிமிசந்தான் கீது. அந்தத் தம்பிய ஆரம்பிக்கச் சொல்லிடலாம்" என்றார் தலைவர். அண்ணி முதல் வரிசையில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அண்ணாத்தே சுவிட்சை அணைத்துவிட்டு என் கையைப் பார்த்தார். விரலில் சந்தன மஞ்சள். பாடப்பெட்டியை உருவி எடுத்தார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார். இருபது வருஷப் பழக்கத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. சட்டைப் பையில் நோட்டு இருந்தது, பென்சில் இருந்தது. மூன்று வார்த்தை எழுதி நீட்டினால் போதும், அவர் மேலே ஒரு பழியும் இல்லை. கை பையை நோக்கிப் போயிற்று.

அவர் எடுத்தது ரப்பரை.

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முதல் பல்லில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகத் தேய்த்தார். தேய்த்து, ஊதி, வேட்டி ஓரத்தால் துடைத்து, அடுத்த பல். தலைவர் நிமிஷத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தார். "அஞ்சு நிமிசம்." நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயில் வைத்து ஈரமாக்கினார். "மூணு." அண்ணாத்தேயின் கை வேகம் கூடவுமில்லை, குறையவுமில்லை. பல்லை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். ஒன்று பாக்கி. அதையும் தேய்த்தார். எழுந்து, இந்தத் தடவை என்னிடம் கொடுக்காமல், தன் கையாலேயே சொருகி சுவிட்சைப் போட்டார்.

வெள்ளைப் பக்கம் வந்தது. மூன்று டிவியிலும்.

"இன்னாப்பா ஆச்சு? யார் தப்பு?" என்றார் தலைவர். எல்லோரும் கேட்கும்படியாகத்தான் கேட்டார். அண்ணாத்தே பாலத்தில் கையை ஊன்றினார். எழுத்து ஒவ்வொன்றாக வந்தது:

"பொட்டு வெச்சது நான். பூஜை முடிஞ்சிது. எந்திரம் ரெடி."

முன்வரிசையில் ஒருத்தர் அதைச் சத்தமாக வாசித்தார். படிக்கத் தெரியாத பக்கத்து ஆளுக்காகத்தான். அவரோடு நாலு பேர் சேர்ந்தார்கள். பிறகு மைதானமே வாசித்துச் சிரித்தது. தலைவரும் சிரித்துவிட்டார். "ஏம்பா முனுசாமி, இத்தனை வருசம் மேடை ஏறியும் இது தெரியாதா?" என்றார். அண்ணாத்தே தலையைச் சொறிந்துகொண்டார். அம்பத்தூர்க்காரர் மைக்கை வைத்துவிட்டு வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். நாதஸ்வரம் ஆரம்பித்தது.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அந்த வருஷமும் அடுத்தடுத்த வருஷங்களும் அவர் எழுதினார், நீங்கள் வாசித்தீர்கள். "அம்மா ஒருத்தர் தொலைஞ்சிட்டாங்க" என்று அவர் எழுதி முடிப்பதற்குள் ஆயிரம் தொண்டை அதை முடித்துவிடும். ஒரு குரல் போன மனிதருக்கு அத்தனை குரல். அதில் நானும் உண்டு. என்ன, எழுத்துக் கூட்டி வாசிப்பதால் எல்லோரும் முடித்து ஒரு மூச்சு கழித்து என் குரல் மட்டும் தனியாகக் கேட்கும். அப்போதெல்லாம் மேடையிலிருந்து திரும்பி என்னைத்தான் பார்ப்பார்.

விழா முடிந்து ஒயர் சுற்றும்போது அவர் காலைப் பிடிக்கக் குனிந்தேன். பிடிக்க விடவில்லை. "தலைவர்கிட்ட நானே சொல்லிடறேன் அண்ணாத்தே" என்றேன். நோட்டை எடுத்து எழுதினார்: "உன் செட்டு போனா என் டிவி யாரு தருவா?" அதைப் படித்து முடிப்பதற்குள் ரப்பரை என் கையில் திணித்துவிட்டு இன்னொரு வரி எழுதினார்: "வெச்சிக்கோ. அடுத்த பூஜைக்கு வேணும். உன்னை எனக்குத் தெரியும்."

அந்த ரப்பர்தான் அவரிடமிருந்து என்னிடம் இருப்பது. சிலேட்டு போன வருஷமே கோடு போடுவதை நிறுத்திவிட்டது, அதைத் துணி சுற்றி அண்ணி வைத்திருக்கிறார்கள். ரப்பர் இப்போது புளியங்கொட்டை அளவு. இந்தக் கட்டுரையைப் பென்சிலில் எழுதி, தப்பு வந்த இடமெல்லாம் அதனால்தான் அழித்துத் திருத்தினேன். நிறையத் தேய்ந்துவிட்டது. ஆட்டோவில் அன்றைக்கு வராத மீதி வார்த்தை இதுதான் என்று நினைக்கிறேன். இந்த ஒரு வரியில் மட்டும் ரப்பரை வைக்கமாட்டேன்.

பொட்டு வெச்சது நான்.