வியாழக்கிழமை யாரும் கைதாகவில்லை

'தாங்கள் குறிப்பிட்ட வியாழக்கிழமையன்று அப்பெயருடைய எவரும் கைது செய்யப்படவில்லை.'

கொழும்பில் ஓர் அமைச்சிலிருந்து பங்குனியில் வந்த கடிதம். ஒரே வரி. கீழே கையெழுத்து, முத்திரை.

அதை எடுத்துக்கொண்டு நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் இந்த வெளிநாட்டு நகரின் மல்வேர்ன் பகுதியிலிருந்து புஷ்பமும் கணவரும் வந்தார்கள். ஊரில் பிடிபட்டவர்களின் விபரங்களைச் சேர்த்து அரசாங்கத்திடம் விளக்கம் கேட்கும் எங்கள் சின்னக் குழு சனிக்கிழமைகளில் அஜின்கோர்ட்டில், ஒரு வீட்டின் பேஸ்மென்டில் கூடுவது உங்களுக்குத் தெரியும்.

புஷ்பத்தின் தம்பி மட்டக்களப்பில் தையல்கடை வைத்திருந்தவன். தை மாதம் ஆமி சுற்றிவளைத்துக் கொண்டுபோனது. புஷ்பம் தானே அமைச்சுக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். அதற்குத்தான் இந்தப் பதில்.

"பச்சைப் பொய் அண்ணன்! 'இப்பதான் கொண்டு போறானுகள்' எண்டு அம்மா போன்ல கத்தினா. வியாழக்கிழமைதான். நான் இரவுச் சாப்பாடு போட்டுக்கொண்டு நிண்டன்."

இரவுச் சாப்பாடா?

"தங்கச்சி, இஞ்ச வியாழன் இரவெண்டால் அங்க வெள்ளி விடிஞ்சிட்டுது. உங்கட தம்பியைப் பிடிச்சது வெள்ளிக்கிழமை" என்றேன்.

கணவர் சிரித்தார். "எமன் வந்தாலும் அண்ணன் தேதி பார்த்துத்தான் கதவு திறப்பார் போல!"

யோசித்துப் பாருங்கள். அந்த நாட்டில் ஒருவனைக் கொண்டுபோக வாரண்ட் வேண்டாம். அடைத்து வைக்க நீதிமன்றம் வேண்டாம். அவசரகாலச் சட்டத்தைப் பாராளுமன்றம் மாதாமாதம் கையுயர்த்தி நீடிக்கிறது. ஆனால் மறுப்பு எழுதும்போது மட்டும் சட்டம் எத்தனை கவனமாக இருக்கிறது! வியாழன் என்று கேட்டால் வியாழனுக்கு மட்டும் பதில்... சட்டம் செத்துவிட்டது என்று யார் சொன்னது?

கிழமையைத் திருத்தி மறுபடி எழுதினோம். இந்த வாரம் பதில் வந்தது. 'வெள்ளிக்கிழமை விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டு, அன்று மாலையே விடுவிக்கப்பட்டார்.'

"பார்த்தீரே, விட்டுட்டாங்களாம்!" என்றார் கணவர்.

புஷ்பம் கடிதத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "விட்டதெண்டா ஆள் எங்க?"

அன்றே ஊருக்குப் போன் எடுத்தார். கடை பூட்டியபடிதான் இருக்கிறதாம். தாய் இன்னும் ஆமி முகாம் வாசலுக்குப் போய் வருகிறாராம்.

அவனைக் கொண்டுபோனார்கள் என்பதை இப்போது அரசாங்கமே எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. விடுவித்தார்கள் என்பது — இதை எழுதும்வரை உறுதிப்படுத்தப்படவில்லை.