அட்டை காட்டாமல் உள்ளே வந்தவர்

இபுராகிம் மரைக்காயர் மவுத்தாகிவிட்டார் என்ற செய்தி ஒரு புகைப்படத்தோடு என் கைப்பேசிக்கு வந்தது. நான் நம்பவில்லை. உயிரோடு இருப்பவர் படத்தின் கீழே ‘கண்ணீர் அஞ்சலி’ என்று போட்டு அனுப்புகிற காலம் இது. கோவில்பத்தில் அவர் தெருவிலேயே இருக்கும் மருந்துக்கடைக்காரரைக் கேட்டேன். ஆமாம் என்றார். அதோடு விடாமல் பள்ளிவாசலுக்கும் பேசினேன். “ஆமாங்க, அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்” என்றார்கள். ஒருவர் சொன்னால் போதாது, தனித்தனியாக இரண்டு பேர் சொல்ல வேண்டும் என்பது அவருடைய பழக்கம். அவர் சாவையும் அப்படித்தான் உறுதி செய்துகொண்டேன்.

அவரை அணு விஞ்ஞானி என்று இப்போது ஊரே பேசுகிறது. அவரோடு பழகியவர்களுக்குத் தெரியும், அது சரியில்லை. அவர் பார்த்தது பூட்டு, வேலி, கதவு, காவல். அணுப்பொருள் திருட்டுப் போகாமல் இருக்க ஒரு நாடு என்ன செய்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல, பல நாட்டு ஆட்களைச் சேர்த்து ஒரு ஆலோசனைக் குழு போகும். நம் அரசாங்க வேலையில் இருந்துகொண்டே அந்தக் குழுக்களில் அவர் போய் வந்தார். அவ்வளவுதான்.

எனக்கு அந்தக் குழுக்கள் மீது நம்பிக்கை கிடையாது. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். அதற்கப்புறம் படித்ததெல்லாம் பத்திரிகையும் அகராதியும்தான். ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்பேன். ஒருமுறை பேருந்து நிலைய டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் கேட்டேன்: “மரைக்காரே, அடுத்தவன் வீட்டுப் பூட்டப் போயிப் பாக்குறீங்களே, பாத்தவன் சும்மா வருவானா?”

அவர் கோபப்படவில்லை. “கூப்புடாத வீட்டுக்கு நாங்க போறதில்லங்க. வீட்டுக்காரங்க கூப்புடுவாங்க, பாப்போம், சொல்லுவோம். செய்யிறதும் செய்யாததும் அவங்க பாடு” என்றார்.

“பாத்தத என்ன பண்ணுவீங்க?”

“அவங்ககிட்டயே குடுத்துட்டு மறந்துடுவோம்.”

“மறக்குற மூஞ்சியப் பாரு” என்றேன். கடையே சிரித்தது. அவரும் சிரித்தார். எனக்குச் சந்தேகம் தீரவில்லை. இன்றும் தீரவில்லை.

என் வழக்குக்கு வருகிறேன். வளைகுடா நாடு ஒன்றில், பெரிய மருத்துவமனையில், புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுக் கொடுக்கும் கட்டடத்தின் வாசலில் நான் காவல் மேற்பார்வையாளராக இருந்தேன். அந்த இயந்திரத்துக்குள் இருக்கும் அணுப்பொருள் வெளியே போனால் ஒரு தெருவையே காலி செய்ய வேண்டிவரும். ஒன்பது வருஷம் அந்த வாசலில் நின்றேன். மருத்துவமனைத் தலைவரையே அட்டை இல்லை என்று திருப்பி அனுப்பியவன் நான். அதற்காக என்னைக் கைகுலுக்கிப் பாராட்டினார்கள்.

ஒரு நாள் மதியம் வெளிநாட்டுக் குழு வந்தது. ஆறு பேர். ஐந்து பேரின் அட்டையைப் படத்தோடு முகத்தோடு ஒத்துப்பார்த்து உள்ளே விட்டேன். ஆறாவது ஆள் வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு வந்தார். “யாரு, நெடுங்காடு கலியபெருமாளா? அடப்பாவி, இங்கயா இருக்கீங்க?” என்றார். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்த இபுராகிம். அந்த ஊரில் நம் பேச்சைக் காதால் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. வாசலைத் திறந்து கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டேன்.

நாலடி வந்தவர் நின்றார். “என் அட்டை எங்கங்க?”

“ஒங்களுக்கு எதுக்கு அட்டை? ஒங்கள எனக்குத் தெரியாதா?”

முகம் மாறிவிட்டது. வெளியே போனார். வண்டியில் விட்டிருந்த அட்டையை எடுத்துவந்து, முன்பின் தெரியாதவர்போல நீட்டினார். ஒத்துப்பார்த்து உள்ளே விட்டேன்.

குழு போன மறுமாதம் என்னை வாசலிலிருந்து எடுத்துக் கார் நிறுத்துமிடத்துக்கு மாற்றினார்கள். காரணம் சொல்லவில்லை. ஊர் திரும்பும்வரை இரண்டு வருஷம், அந்தச் சீருடையோடு கார்களுக்கு இடம் காட்டினேன். அந்த அட்டையை அவர் மறந்துபோய் வண்டியில் விட்டாரா, என்னைச் சோதிக்கவென்றே விட்டாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

ஊருக்கு வந்தபின் பார்க்கும்போதெல்லாம் கேட்டேன். “அன்னிக்கு நடந்தத அறிக்கையில எழுதுனீங்களா?”

“பாத்தத எழுதாம எப்புடிங்க?”

“எம்பேரையா எழுதுனீங்க?”

“அது அந்த நாட்டுக்கும் எங்களுக்கும் உள்ளது. வேற கேளுங்க.”

“சொந்த ஊருக்காரன்ட்டயே மறைப்பீங்களா?”

“சொந்த ஊருக்காரன்னுதானே அன்னிக்குத் தொறந்தீங்க.”

அதன்பிறகு ஒரு வருஷம் அவரோடு நான் பேசவில்லை. அவராகத்தான் நெடுங்காட்டுக்கு வந்தார், குறுவை அறுப்பு நேரத்தில். கதவைத் தட்டினார். குரல் தெரிந்தும் நான் எழவில்லை. “அட்டை இருக்கா?” என்று உள்ளிருந்தே கேட்டேன். பிறகு ஜன்னல் கம்பிக்கு நடுவே ஒரு வாக்காளர் அட்டை நீண்டது. “போட்டோ பழசு. நல்லா ஒத்துப் பாத்துக்கங்க” என்றார். நான் ஒத்துப் பார்த்துத்தான் திறந்தேன். அன்றைக்கும் சாப்பிட்டுவிட்டு, கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போனார். இனி சொல்லவும் ஆளில்லை.

மூன்றாம் நாள் துக்கம் கேட்கப் போனேன். உண்மையைச் சொல்கிறேன், துக்கத்துக்கு மட்டும் போகவில்லை. அந்த அறிக்கையின் நகல் வீட்டில் இருந்தால் ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும் என்றுதான் போனேன்.

அவருடைய மகள் கதவைப் பாதி திறந்து, “யாருங்க? எங்கேருந்து வர்றீங்க?” என்றார். பெயரையும் ஊரையும் சொன்னதும், “வாங்க மாமா, வாப்பா அடிக்கடி பேசுவாங்க” என்று உட்காரச் சொன்னார். அவருடைய மனைவி, கணவரை இழந்தவர்கள் வெளி ஆண்கள் முன் வராமல் இருக்கும் இத்தாவில் இருந்தார். அவர் குரல் மட்டும் உள்ளறையிலிருந்து வந்தது.

காகிதங்களைக் கேட்டேன். “வேலைப் பேப்பர் ஒண்ணுகூட வீட்டுல வெக்க மாட்டாங்களே மாமா. ஏன், எதுவும் வேணுமா?” என்றார் மகள்.

எனக்குப் பொறுக்கவில்லை. வாசல், வெயில், அட்டை, கார் நிறுத்துமிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அந்தப் பெண் வாயில் கை வைத்துக்கொண்டார்.

“அந்த ஆளு நீங்களா மாமா?”

“எந்த ஆளு?”

“வாப்பா எத்தனவாட்டி சொல்லியிருக்காங்க! ‘ஒரு நாட்டுல, நம்மூருத் தமிழக் கேட்டதும் ஒருத்தரு வாசலத் தொறந்துட்டாரு. அட்டைய வண்டியில வெச்சது நானு, தப்புல பாதி எனக்கு’ம்பாங்க. யாரு அவருன்னு நாங்க தொணதொணப்போம். ‘வாசலுக்கு ஏதும்மா பேரு’ன்னு எந்திரிச்சிப் போயிடுவாங்க.”

உள்ளறையிலிருந்து அவர் மனைவி சொன்னார்: “எனக்கே சொல்லலங்க. நெடுங்காட்டுக்காரரும் வாசலத் தொறந்தவரும் ஒண்ணுன்னு இப்ப நீங்க சொல்லித்தான் தெரியுது.”

பன்னிரண்டு வருஷம் அவர் பெண்டாட்டி பிள்ளையிடம்கூடச் சொல்லாமல் காத்த பெயரை, நான் போய் உட்கார்ந்த பத்து நிமிஷத்தில் நானே சொல்லியிருக்கிறேன். இரண்டாவது முறையும் வாசலைத் திறந்துவிட்டது நான்தான்.

அறிக்கையில் என்ன எழுதினார் என்று எனக்கு இன்னும் தெரியாது. வீட்டில் சொல்லாதவர் அங்கே எழுதியிருக்க மாட்டார் என்று என் மகன் சொல்கிறான். நான் ஒப்புக்கொள்ளவில்லை. கண்ணால் பார்க்காததை நான் ஒப்புக்கொள்வதில்லை. தப்பில் பாதி என்றாரே, மீதிப் பாதி யாருக்கு என்றும் எனக்குப் புரியாமல் இல்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். இப்போது என் வீட்டுக் கதவை யார் தட்டினாலும், தெரிந்த குரலாக இருந்தால் முதலில் ஜன்னலுக்குப் போகிறேன். அந்தக் கம்பிக்கு நடுவே இனி எந்த அட்டையும் நீளாது. இருந்தாலும் பார்த்துவிட்டுத்தான் திறக்கிறேன்.