ரத்தினவேல் பூட்ட மறுத்த ஃப்ளைவீல்

மைசூர் பன்னிமண்டபத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டுக் கார்களுக்குக் கிளட்ச் வேலை செய்பவர் ரத்தினவேல். எல்லையோரத் தமிழ்க் கிராமமான மார்டள்ளிக்காரர். மைசூருக்கு வந்து இருபத்தைந்து வருஷமாகிறது. ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு வெற்றிலை மெல்லுகிற ஆள் என்று பெயர். ஆனால் ஃப்ளைவீல் என்றால் மட்டும் அவருக்குப் பயம். இன்ஜினின் முதுகில் சுற்றும் கனத்த சக்கரம் அது. கிளட்ச் பிடிப்பது அதன் முகத்தில்தான். வேகத்தில் அது உடைந்து சிதறினால், ஓட்டுகிறவர் காலுக்கும் அதற்கும் நடுவே இருப்பது ஒரு வார்ப்புக் கூடும் கொஞ்சம் தகடும்தான்.

போன ஆடியில் சௌம்யா வந்தாள். முப்பத்து மூன்று வயது, கன்னடம் கலந்து தமிழ் பேசும் பல் டாக்டர். பின்சக்கரத்தில் இழுக்கும் பழைய கார் ஒன்று வைத்திருந்தாள். வாரநாட்களில் அதிலேதான் ஹெப்பாளிலுள்ள கிளினிக்குக்குப் போவாள். ஞாயிற்றுக்கிழமை நஞ்சன்கூடு ரோட்டில் வாடகைக்கு எடுத்த சிமெண்டு மைதானத்தில் அதே காரைப் பக்கவாட்டில் வழுக்கி ஓட்டுவாள். ட்ரிஃப்ட் என்கிறார்களே, அது.

டிக்கியைத் திறந்து இரண்டு சாமான்களை இறக்கினாள். ஒன்று செராமிக் துண்டுகள் பதித்த ரேஸ் கிளட்ச். இன்னொன்று, கம்பெனி ஃப்ளைவீலையே லேத்தில் கடைந்து பாதியாக இளைக்க வைத்தது.

"பெங்களூர்ல ஒருத்தர்கிட்ட வாங்கினேன்ணா. ரொம்ப லைட். கால் வெச்சா இன்ஜின் சர்ருனு ஏறும். இதைப் போட்டுக் கொடுங்க, சாக்கு, அது போதும்."

ரத்தினவேல் அதைத் தொடவில்லை. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே நின்றார்.

"வார்ப்பு இரும்புங்க மேடம். இத்தனை கடைஞ்சா தாங்காதுங்க."

"டெஸ்ட் பண்ணிப் பாருங்களேன்."

செய்தார். சிவப்புச் சாயத்தைத் தடவி, துடைத்து, வெள்ளை மருந்தை அடித்துக் காத்திருந்தார். விரிசல் இருந்தால் வெள்ளையில் சிவப்பாகக் கசியும். கால் மணி நேரம் குனிந்து பார்த்தார். ஒன்றும் கசியவில்லை. அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது. கோடு தெரிந்திருந்தால் மறுக்க ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

"ஏனூ இல்ல, ஒண்ணுமே இல்லையே அண்ணா!"

"இல்லைங்க. ஆனா நான் பூட்ட மாட்டனுங்க. வேற ஷெட்டுக்கு எடுத்துட்டுப் போனாலும் சரிங்க."

அவள் கோபித்துக்கொண்டு போய்விடுவாள் என்று நினைத்தார். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சரி, நீங்க எதைப் போடுவீங்க? சொல்லுங்க."

அடித்து உருவாக்கிய எஃகில் செய்த ஃப்ளைவீல், ஆறு கிலோவுக்குக் குறையாதது என்றார். அதைவிட இளைத்தால் சிக்னலில் வண்டி கிளம்பும்போது அணைந்து அணைந்து போகும். செராமிக் துண்டு மைதானத்தில் பிடிக்கும். தசரா நெரிசலில் ஊர்ந்தால் குதிரை மாதிரித் துள்ளும். அதற்குப் பதில் முழு வட்டத்துக்கும் சாதா லைனிங் உள்ள டிஸ்க், நடுவில் ஸ்பிரிங், கொஞ்சம் அழுத்தம் கூடின பிரஷர் பிளேட். போல்ட்டுகள் எல்லாம் புதுசு.

"பெடல் கனமாகும்ல?"

"ஆகுமுங்க. கால் வலிக்கும். கால் இருக்கும்."

கடைசி வார்த்தை தானாக வாயில் வந்துவிட்டது. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

மூன்று வாரத்தில் சாமான் வந்தது. முடுக்கிய ஒவ்வொரு போல்ட்டையும் ரத்தினவேல் மூன்று தரம் சரிபார்த்தார். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தவர் எழுந்து திரும்பி வந்து நாலாம் தரமும் பார்த்தார். கிளட்ச் படிவதற்காக எண்ணூறு கிலோமீட்டர் ஊருக்குள் மெதுவாக ஓட்டச் சொன்னார். பிறகு மைதானத்துக்குப் போகும் முதல் ஞாயிறு, தானும் வண்டியில் உட்காருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். அவளை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே நின்று பார்க்க அவரால் முடியாது.

காலை பத்து மணி வெயில். அவள் கிளட்சை மிதித்து, இன்ஜினை அலறவிட்டு, சட்டென்று காலை எடுத்தாள். வண்டியின் பின்பக்கம் பிய்த்துக்கொண்டு சுழன்றது. ரத்தினவேல் கதவுப் பிடியை நெரித்துக்கொண்டு, காலுக்கடியில் எழும் சத்தத்தை மட்டும் கேட்டார். நிமிஷத்துக்கு ஆறாயிரம் சுற்று. ஆறாயிரத்து ஐந்நூறு. உள்ளங்கால் கூசியது.

டமார் என்று வெடித்தது.

"அம்மிணீ, காலு!" என்று கத்தியபடி இரண்டு காலையும் சீட்டின்மேல் இழுத்து மடக்கிக்கொண்டார். ரப்பர் கருகும் புகை உள்ளே வந்தது. அவள் வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அவர் பக்கத்துக் கதவைத் திறந்து குனிந்தாள்.

"டயர்ணா. பின் டயர் மட்டும்தான். இறங்குங்க."

அவருக்குக் காலைக் கீழே வைக்க வரவில்லை. அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, திறந்த கதவருகே தரையில் உட்கார்ந்தாள். அப்போதுதான், யாரிடமும் சொல்லாததை அவர் சொன்னார்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன் ஒரு பெரிய ஷெட்டில் லேத் வேலை. ரேஸ் வண்டி ஒன்றுக்கு ஃப்ளைவீலைக் கடைந்தவர் இவர்தான். போல்ட் ஓட்டைப் பக்கம் மயிரிழை மாதிரி ஒரு கோடு தெரிந்தது. லேத் உளியின் தடமாக இருக்கும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு கொடுத்துவிட்டார். ஓட்டத்தில் அது வெடித்து, சோதனைக்கு ஓட்டிய கூட்டாளி பழனிக்கு இடது பாதம் போய்விட்டது. பழைய இரும்பு, கெட்ட நேரம் என்று முதலாளி முடித்துவிட்டார். இவரும் வாயைத் திறக்கவில்லை. பழனி இப்போது தேவராஜ மொஹல்லாவில் பூட்டுக்கடை வைத்திருக்கிறான். அந்தத் தெருப் பக்கமே ரத்தினவேல் போவதில்லை.

சௌம்யா தண்ணீர் பாட்டிலை மூடினாள். "அவருக்கு இது தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை அவர் போனார். தெருமுனையில் இரண்டு தரம் திரும்பினார். மூன்றாம் தரம் கடை வாசலில் நின்றார். பழனி சாவி ராவிக்கொண்டிருந்தான். ரத்தினவேல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

பழனி அரத்தைக் கீழே வைத்தான். "கோடு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது பழனி."

"நான்தான் கிளட்ச்சைத் தப்பா விட்டேன்னு இத்தனை வருஷமா நெனைச்சுட்டிருக்கேன். என் பொஞ்சாதி சித்தம்மாகிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன். என் காலை நானே கெடுத்துக்கிட்டேன்னு."

ரத்தினவேல் கைகூப்பினார். பழனி அதைப் பார்க்காமல் ஷட்டரைப் பாதி இறக்கினான். "போயிரு."

அடி விழும் என்று பயந்து போனவர், அடியே விழுந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு திரும்பினார். அந்த வாரம் கொட்டகை வாசலில் ஆட்டோ நின்றாலே பழனியோ என்று எட்டிப் பார்ப்பார். சௌம்யா கிளட்சைக் கழற்றிப் பார்க்கச் சொல்லி வண்டியை விட்டுப் போனாள். டிஸ்க்கில் தேய்மானம் சீராக இருந்தது. அதிகமாகச் சூடேறினால் வரும் நீலம் ஃப்ளைவீலில் பாயவில்லை. அதைப் பார்த்தும் அவருக்கு நிம்மதி வரவில்லை.

பன்னிரண்டாம் நாள் போன் வந்தது. பழனியின் மனைவி சித்தம்மா. "நாளைக்கு உங்க ஷெட்டுக்கு வர்றாராம். இருப்பீங்களான்னு கேக்கச் சொன்னாரு." எதற்கு என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் மத்தியானம் பழனி ஆட்டோவிலிருந்து கோலை ஊன்றிக்கொண்டு இறங்கினான். ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். ரத்தினவேல் சுவரோடு ஒட்டி நின்றார்.

"அன்னைக்குக் காலையில நீ ஷெட்டுக்கு வந்ததுல இருந்து சொல்லு," என்றான் பழனி. "ஒண்ணையும் விடாத. சித்தம்மாவுக்கு நான் சரியாச் சொல்லணும்."

ரத்தினவேல் சொல்ல ஆரம்பித்தார். கோடு தெரிந்த இடம் வந்தபோதும் நிறுத்தவில்லை.