கடலைப் பார்த்த வெள்ளைச் சுவர்

ஆலந்தலைக்குத் தெற்கே பழைய பங்களா ஒன்று இருக்கிறது. முத்துக் குளித்த காலத்து வியாபாரி கட்டியதாம். சுற்றிலும் மணல், பனை, ஒரு கிணறு. துபாயில் இருக்கும் முதலாளி சுண்ணாம்பும் தேக்கும் போட்டு அதைப் பழையபடியே எடுத்துக் கட்டினார். முடிந்ததும் நிலத்தோடு விற்கப் போவதாகச் சொன்னார்.

நான் அதற்குக் காவல். முழங்கால் போனதால் கடலை விட்டவன். நானும் வீட்டுக்காரியும் பின்கட்டு அறையில் இருந்தோம். பங்களா விற்றுவிட்டால் சாகுபுரத்தில் மகன் வீட்டுக்குத்தான் போக வேண்டும். மாடி வீடு. மருமகள் நல்ல பிள்ளை. பீடி குடிக்க விடமாட்டாள்.

முதலில் பார்க்க வந்தவர் பாம்பு வருமா என்று கேட்டார். வரும் என்றேன். அவர் காரை விட்டே இறங்கவில்லை. முதலாளி போன் போட்டார்.

"அண்ணாச்சி, இனி கதவை மட்டும் தொறங்க. வாயைத் தொறக்காதீங்க."

அடுத்து கோயம்புத்தூரிலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள். அந்த அம்மா மாடிக்குப் போனார். அவர் வெளியே நின்று கடல் பக்கச் சுவரைப் பார்த்தார்.

"இதுக்கு மஞ்சள் அடிச்சா எடுப்பா இருக்குமுங்க."

பக்கத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த நாலு பேர் எழுந்து வந்தார்கள். கடலிலிருந்து பார்க்கும்போது அந்தச் சுவரும் கோயில் கோபுரமும் ஒரே நேராகத் தெரிந்தால் கீழே மீன் படும் பாறை. எங்கள் ஊர் வள்ளங்களுக்கு அதுதான் அடையாளம்.

"மஞ்சள் வேண்டாம் சார். மணலோட மணலாப் போயிரும்," என்றான் ஒருவன்.

"முன்னால தென்னையும் வைக்காதீங்க," என்றான் இன்னொருவன். "இந்தக் காவக்கார அண்ணாச்சி வச்சதப் புடுங்கிப் பின்னால நட்டுக் குடுத்தது நாங்கதான்."

"உங்ககிட்ட ஜி.பி.எஸ். இல்லீங்களா?"

"இருக்கு சார். நனைஞ்சா செத்துரும். சுவரு எத்தன மழை நனைஞ்சிருக்கு, செத்தா போச்சு?"

அவர் என்னிடம் திரும்பினார். "நான் வாங்கினா இது என் வீடா, இவங்க வீடா?"

முதலாளி சொன்னபடி, திறந்திருந்த கதவைக் காட்டினேன். மறுபடியும் கேட்டார்.

"உள்ள உங்களுது. வெளிய இவங்களுது."

வியாபாரம் முறிந்தது, பீடிக்கு ஆபத்தில்லை என்று நினைத்தேன். மாடி ஜன்னலில் அந்த அம்மா சிரித்தார்.

"கடல்ல போறவங்க நம்ம வீட்டப் பார்த்துத்தான் போவாங்களாம். இதையே வாங்கிருங்க."

அவர் பெருமூச்சு விட்டார். "சரி, வெள்ளை யாரு அடிப்பாங்க?"

நாலு பேரும் என்னைக் கை காட்டினார்கள்.

"அப்ப இவரும் இங்கயே இருக்கட்டும்."

"இருப்பாரு சார்," என்றார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. நான் சுவருக்கு வெள்ளை அடித்ததே கிடையாது.

வீட்டுக்காரி இரவுச் சோறு போடும்போது கேட்டாள். "ஏணியில ஏறுவீயளா?"

"கட்டுமரத்துல நின்னவன்."

"அதுல விழுந்தா தண்ணி."

போன மாசம் அடித்தேன். அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். முழங்கால் ஆடியது. முடித்து இறங்கி ஒரு பீடி பற்ற வைத்தேன். போன் அடித்தது. கடலிலிருந்து பேசினான் ஒருவன்.

"அண்ணாச்சி, எடது மூலைய விட்டுட்டீய."