புல்லுக்கு அடியில் ஒரு டொப்

கீழ் கோத்தகிரிப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் நான் எலெக்ட்ரீஷியன். ஃபியூஸ் போடத் தெரிந்தவனுக்கு அங்கே அந்தப் பட்டம் கிடைக்கும். மண்ணுக்கடியில் கேபிள் பழுதாகி, தொழிலாளர் லைன் வீடுகளுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் நின்றுபோன அந்த வாரத்தை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பகலெல்லாம் கொழுந்து பறித்த பெண்கள், சாயங்காலம் கரடி திரியும் ஓடைக்கு இறங்கிக் குடம் சுமந்தார்கள். ஃபாக்டரிக்கும் பங்களாவுக்கும் ஜெனரேட்டர் இருந்தது. பிறகு யாருக்கு அவசரம்?

நான் மனம்போன இடமெல்லாம் தோண்டினேன். காட்டுப்பன்றிகளே என்னைப் பார்த்து வெட்கப்பட்டிருக்கும். கடைசியில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெட்டி வாடகைக்கு வந்தது. கேபிளின் முனையில் மாட்டிப் பொத்தானை அமுக்கினால், பழுது எவ்வளவு தூரத்தில் என்று அதுவே சொல்லிவிடும். சொன்னது. அளந்துகொண்டு போனால், மேனேஜர் பங்களாவின் புல்வெளி! தோட்டப் போட்டிக்கு நடுவர்கள் வந்து மார்க் போடப்போகும் புல்வெளி.

“மெஷின் தப்பு. அந்த முனையிலிருந்து பார்” என்றார் மேனேஜர் துரை. வெள்ளைக்காரன் போய்விட்டான்; துரை மட்டும் போகவில்லை.

பார்த்தேன். அதே புல்வெளி. அவர் துரை என்பது பெட்டிக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ஆகவே குரலைத் தணித்து, “மறுபடியும் இங்கதானுங்க காட்டுது” என்றேன்.

“ஒரே ஒரு குழி. அதுக்கு மேல தொட்டா வேலை இருக்காது.”

சரியான இடத்தைக் கண்டுபிடிக்க இன்னொரு வழி உண்டு. பெட்டி கேபிளுக்குள் விட்டு விட்டு மின்சாரத்தால் ஓர் அடி கொடுக்கும். பழுதான இடத்தில் மண்ணுக்குள் ‘டொப்’ என்று கேட்கும். காதுக் கருவியை மாட்டி மண்டியிட்டேன். சடசடவென்று மழை! நிமிர்ந்தால் நல்ல வெயில். பக்கத்தில் புல்லுக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டு ஸ்பிரிங்க்ளர் சுழன்றது.

“அதைக் கொஞ்சம் நிறுத்துனா கேக்குமுங்க.”

“புல் காஞ்சிடும். நீ காதைத் தீட்டிக்கோ.”

ஓடைக்குக் கிளம்பிய பெண்கள் காலிக் குடங்களோடு கேட்டருகே நின்று இதைப் பார்த்தார்கள். ஒருத்தி விறுவிறுவென்று உள்ளே வந்தாள்.

“ஏனுங்க கரண்ட்டுக்காரரே, புல்லுக்குத் தாகம் எடுக்குது, எங்க புள்ளைகளுக்கு எடுக்காதுங்களா?”

கேட்டபடியே குழாயிலிருந்து ஹோஸைப் பிடுங்கிவிட்டுக் குடத்தை வைத்தாள். பின்னாலேயே வரிசை சேர்ந்துவிட்டது.

“யாரைக் கேட்டு உள்ள வந்தீங்க?” துரை கத்தினார்.

“அவருக்குக் காது கேக்கோணுமில்லீங்க தொரை!”

ஸ்பிரிங்க்ளர் நின்றது. என் முழங்காலுக்கு அடியிலேயே டொப்.

பெட்டியை அணைத்துத் தோண்டினேன். கேபிளில் குத்தி நின்றது ஓர் இரும்பு முளை. துரை வீட்டு விருந்துப் பந்தலுக்கு அடித்தது. பிடுங்க அலுப்புப்பட்டு மேல்தலையை மட்டும் அறுத்திருக்கிறார்கள். அந்தக் கீறலில் ஸ்பிரிங்க்ளர் தண்ணீர் இறங்கி இறங்கித்தான் கேபிள் செத்திருக்கிறது. லைனில் குழந்தைகள் நாக்கு வறண்டு கிடந்த வாரம் முழுக்க அது சுழன்றிருக்கிறது!

முளையைத் துரையின் டீ மேசையில், மண்ணோடு வைத்தேன். மனதில் இருந்ததைச் சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும்.

“வேலை முடியற வரைக்கும் இங்க தண்ணி தெளிக்கக் கூடாதுங்க, ஷாக்கடிக்கும்” என்று மட்டும் சொன்னேன். கடைசிக் குடம் நிரம்பும்வரை கேபிளை நிதானமாக ஒட்டினேன்.

துரை சொன்னபடி ஒரே ஒரு குழிதான் தோண்டினேன். அதில் அவருடைய ஜீப்பை இறக்கி நிறுத்தலாம்.