‘ம்’ கொட்டாத இடம்

பாரலல் காலேஜில் இங்கிலீஷ் இலக்கியம் நடத்துவது ஓடுகிற பஸ்ஸில் கைக்குழந்தைக்கு மருந்து புகட்டுகிற மாதிரி. பாதி உள்ளே போகும், மீதி நம் சட்டையில்.

இதே தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ரெகுலர் காலேஜில் இடம் கிடைக்காதவர்களும், தோற்ற பேப்பரைத் திரும்ப எழுத வருகிற ‘சப்ளி’க்காரர்களும்தான் நம் பிள்ளைகள். எங்கள் வகுப்பு, கேரள எல்லையோரக் கஞ்சிக்கோட்டில் ஒரு டயர் கடையின் மாடி. கீழே ரோட்டில் லாரிகள். என் குரலோ மூன்றாவது பெஞ்சைத் தாண்டாது.

போன வருஷம் என் தலையில் விழுந்தது காலனிக் காலத்து ஆங்கிலக் குறுநாவல் ஒன்று. வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றின் கப்பல், ஆற்றில் மேலே மேலே போகும். எடுக்கப் போனது யானைத் தந்தம். கொடுக்கப் போனதாகச் சொல்லிக்கொண்டது நாகரிகம்.

தூக்கத்தில் ஒரு கப்பல்

அந்த நாவலில் ஒரு வாக்கியம் தொடங்கினால் முற்றுப்புள்ளிக்குள் கொட்டாவி வந்துவிடும். முன் பெஞ்சில் செந்தில், எலப்புள்ளிக்காரன். வீட்டில் விவசாயம், இரும்புக் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் முடித்து நேரே வருவான். முதல் பாராவிலேயே அவன் கரை சேர்ந்துவிட்டான்.

நான் புத்தகத்தை மூடிவிட்டேன். கதைகளைப் படித்து வளர்ந்ததைவிடக் கேட்டு வளர்ந்தவன் நான். எங்கள் வீட்டில் கதைக்கு ஒரு சட்டம் உண்டு: கேட்கிறவர் ‘ம்’ கொட்ட வேண்டும். ‘ம்’ நின்றால் கதையும் நிற்கும். ஏன் நின்றது என்று கேட்டுத் தீர்த்த பிறகுதான் சொல்கிறவர் அடுத்த அடி வைக்கலாம். அந்தச் சட்டத்தை வகுப்பில் அமல்படுத்தினேன். செந்தில் கண்ணைத் திறக்காமலே கேட்டான்:

“ஏனுங்க சார், தூங்கிட்டே ‘ம்’ போட்டா செல்லுங்களா?”

நாற்காலி

ஜான்சி தேவிகுளம் பக்கத்து தேயிலை எஸ்டேட் பெண். கஞ்சிக்கோட்டில் சித்தி வீட்டில் தங்கியிருந்தாள். இந்தப் பேப்பரை ஏற்கெனவே கோட்டைவிட்டவள். அவள் அம்மா கொழுந்து பறிக்கும் வேலையிலிருந்து ரிட்டையர் ஆகப் போகிறார். ஆனதும், எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். வீடு கையில் நிற்க வேண்டுமென்றால் குடும்பத்தில் இன்னொருவர் எஸ்டேட்டில் பேர் பதிய வேண்டும். இருப்பது ஜான்சி ஒருத்திதான். இங்கே ஒரு கம்பெனி ஆபீஸில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள், டிகிரி இருந்தால். பாஸானால் அம்மா கீழே இறங்கி வரலாம். இல்லையென்றால் மகள் கூடையோடு மேலே ஏற வேண்டும்.

கதையில் காட்டுக்குள் ஒரு ஏஜென்ட் வருவான். சுற்றியுள்ள ஜனங்கள் அவனைச் சாமியாகவே நினைப்பார்கள். “இந்தக் காலத்தில் இதை நம்ப முடிகிறதா?” என்று கேட்டேன். ஜான்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர்கள் எஸ்டேட் மேனேஜர் கோட்டயத்திலிருந்து வந்த இளைஞர், பைக்கில்தான் சுற்றுகிறார். இன்றைக்கும் அவர் பெயர் ‘தொரை’யாம்.

“வெள்ளைக்காரன் எந்திரிச்சுப் போயிட்டான் சார். நாற்காலி சூடு ஆறலை, அடுத்தவரு உக்காந்துக்கிட்டாரு.”

மரத்தடி

ரயில் பாதை போட இழுத்து வந்த கூலிகள், இனி வேலைக்கு ஆகமாட்டார்கள் என்று ஒதுக்கப்பட்டு மரத்தடியில் சாகக் கிடக்கும் கட்டம் வந்தது. உருக்கமாகச் சொன்னதாகத்தான் நினைப்பு. சொல்லிவிட்டு, கஞ்சி போட்ட காலரோடு கம்பெனிக் கணக்கர் வரும் அடுத்த கட்டத்துக்குப் போனேன். எல்லாரும் ‘ம்’ கொட்டினார்கள். ஜான்சி கொட்டவில்லை.

சட்டம் நான் போட்டது. நின்றேன். “என்ன ஜான்சி?”

“நீங்க அடுத்த பக்கம் போயிட்டீங்க. அவங்க இன்னும் மரத்தடியிலயே கெடக்காங்க, சார்.”

கைடு

அதன்பிறகு அவளை யாராலும் நகர்த்த முடியவில்லை. ‘ஆசிரியர் ஏகாதிபத்தியத்தைக் கண்டிக்கிறார்’ என்று கைடில் சொல்லியிருந்தது. கண்டிக்கிறார்தான் என்றாள் ஜான்சி. ஆனால் கெட்டுப்போன ஒரு வெள்ளைக்காரனின் மனசுக்காகத்தானே புத்தகம் முழுக்க அழுகிறது. சுமந்தவனுக்கு ஒரு பெயர்கூட இல்லையே?

“அம்மணி, மொதல்ல பாஸாகு. பேரு நாம வெச்சுக்கலாம்” என்று செந்தில் மன்றாடிப் பார்த்தான். எனக்கும் பயம்தான். பேப்பர் திருத்துகிறவர் கைடைத் தாண்டாதவராக இருந்தால், இவள் நியாயம் இவளையே மலையேற்றிவிடும். இரண்டு பக்கமும் எழுதச் சொன்னேன்: கைடு சொல்வது முதலில், அதில் அவளுக்கு ஒப்பாதது பிறகு, ஒவ்வொன்றுக்கும் நாவலிலிருந்தே ஆதாரம். எங்கள் பிரின்சிபால் மலையாளி, தமிழும் பேசுவார். கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னைத் தனியாக அழைத்தார்.

“சாரே, மனசாட்சிக்கு யூனிவர்சிட்டியில மார்க் இல்லா. அந்தப் பெண்குட்டி ஜெயிச்சிட்டுச் சண்டை போடட்டும்.”

மேலேயிருந்து ஒரு கேள்வி

பரீட்சையில் ஏகாதிபத்தியமும் அறமும் பற்றித்தான் பெரிய கேள்வி. ஜான்சி இரண்டு பக்கமும் எழுதினாளாம். ஆனால் இரண்டாவது பக்கம் கொஞ்சம் நீண்டுவிட்டதாம். ரிசல்ட் வரும்வரை நான் அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

ரிசல்ட் அன்று செந்திலின் போனில்தான் முதலில் திறந்தது. அவன் போட்ட கூச்சலில் டயர் கடைக்காரர் மாடிக்கு ஓடிவந்தார். ஜான்சிக்குப் பெரிய மார்க் ஒன்றுமில்லை, ஆனால் பாஸ். உடனே அம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். “லயத்தை ஒப்படைச்சிட்டு வந்திரும்மா” என்றாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் மகள் அந்தக் கதையைப் போனில் சொல்லி வந்திருக்கிறாள் என்பதே அம்மா கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது.

“வாரேன் புள்ள, வாரேன். சார் பக்கத்துல இருந்தா கேளு: அந்த மரத்தடியில கெடந்தவங்களைக் கடைசியில யாரு தூக்குனாங்களாம்?”

போர்ஷன் முடிந்தது என்று கையெழுத்துப் போட்ட பிறகும் ஒரு கேள்வி மலையிறங்கி நம் வகுப்புக்கே வருகிறதென்றால், சகாக்களே, மருந்தில் பாதியாவது உள்ளேதான் போயிருக்கிறது.